நாலு விரல் பொழுது

என் பேத்தி செல்போனில் எனக்குக் கட்டைவிரல் அனுப்புகிறாள். "மருந்து வாங்கிவிட்டேன்" என்று நான் எழுதினால் ஒரு கட்டைவிரல். "மழை வரும்போல இருக்கிறது, மாடியில் துணி காய்கிறது" என்று எழுதினாலும் ஒரு கட்டைவிரல். நேற்று ஒரே நாளில் ஒன்பது வந்தன. மஞ்சள் நிறத்தில், நன்றாக நிமிர்ந்து நிற்கிற கட்டைவிரல்கள். சரி, நல்லது, ஆகட்டும் என்று அர்த்தமாம். மகன் விளக்கிச் சொன்னான். அர்த்தம் புரிந்துவிட்டது, வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை. செஞ்சியில் நான் வேலை பார்த்த காலத்தில் நிமிர்ந்த கட்டைவிரலுக்கு ஒரே அர்த்தம்தான். உனக்கு ஒன்றும் கிடையாது, போ. அதை ஒருவர் முகத்துக்கு நேரே ஆட்டினால் அடிதடி வரும். எனக்கு அடி விழவில்லை. வேலை போயிற்று.

அதைச் சொல்வதென்றால் என் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. தூண், ஜன்னல் கம்பி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் சட்டைப் பொத்தான், ஓட்டலில் தொங்கும் வாழைத்தாரின் சீப்பு, எல்லாவற்றையும் எண்ணியாக வேண்டும். பாதியில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை விட்டுப்போனால் அன்று முழுவதும் எதையோ தொலைத்தவன் மாதிரி இருப்பேன். எண்ணுகிற முறை என் அப்பாவிடமிருந்து வந்தது. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். வல்லத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நடவு நாளில் நைனா வரப்பில் நின்று நாற்று முடிகளை எண்ணுவார். கட்டைவிரல் நுனியால் மற்ற நாலு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் பன்னிரண்டு வரும். பன்னிரண்டு முடிந்ததும் கட்டைவிரலை நிமிர்த்தி இரண்டு ஆட்டு ஆட்டுவார். ஒரு சுற்று தீர்ந்தது, அடுத்ததைத் தொடங்கு என்று கைக்குச் சொல்வது போல. வயல்வெளியில் அதைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

கோட்டைக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். அந்தப் பள்ளி இப்போது இல்லை. தற்காலிக வேலை. அதே ஜூனில் அறிவியல் சொல்லிக்கொடுக்க இன்னொருவரும் தற்காலிகமாகச் சேர்ந்தார். மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணக் குடும்பம். ஊரில் அவர்களை நயினார் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையை இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டோம். பள்ளியில் ஒருவரை ஒருவர் நீங்கள் என்போம். அறையில் நீ.

நயினாருக்கும் ஒரு கைப்பழக்கம் இருந்தது. சூரியன் அடைந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் உண்டு. எங்கள் அறை வாசலில் நின்றால் மேற்கே ராஜகிரி மலை முழுதாகத் தெரியும். சாயங்காலம் நயினார் அங்கே நின்று வலது கையை நேராக நீட்டுவார். விரல்களைச் சேர்த்துப் படுக்கை வாட்டில் வைத்து, சுண்டுவிரலை மலையின் விளிம்பில் பொருத்தி, அதற்கு மேலே சூரியனுக்கு எத்தனை விரல் இருக்கிறது என்று பார்ப்பார். ஒரு விரலுக்குக் கால் மணி. நாலு விரல் என்றால் ஒரு மணி நேரம். "மூணு விரல் இருக்குது, கத்திரிக்காய் வேவும்" என்பார். இரண்டு விரலென்றால் வெறும் ரசம். மலைக்குப் பின்னால் போன பிறகும் உண்மையில் அடைய இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குமே என்று நான் வாதாடுவேன். "கண்ணுக்குத் தெரியற வரைக்கும்தான்யா கணக்கு" என்று முடித்துவிடுவார்.

தெருவுக்குப் புதிதாக வந்த தயிர்க்காரி ஒருத்தி, தன்னைப் பார்த்து நில் என்று கை காட்டுகிறாரென்று நினைத்து எதிர்வீட்டு வாசலில் பானையோடு அப்படியே நின்றுவிட்டாள். நயினார் பதறிப்போய்க் கையை இறக்கி, "உன்னை இல்லம்மா, பொழுதைப் பார்த்தேன்" என்றார். அவள் மோவாயைத் தோளில் ஒரு இடி இடித்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

என் கட்டைவிரல் எதற்காக ஆடுகிறது என்று செஞ்சியில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சேர்ந்த புதிதிலேயே கேட்டுவிட்டார். "இன்னா வாத்தியாரே, யாருக்கு இல்லேன்றே?" நான் சொன்னதும் அவரும் தன் கணுக்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நாங்கள் எங்கே போனாலும் என் கட்டைவிரல் ஆடினால், "எத்தினியாவது பன்னண்டு?" என்று கேட்பார். தெருவில் போகிற மாட்டுவண்டிகளையெல்லாம் அவருக்காக எண்ணிச் சொல்லியிருக்கிறேன். ஒருவன் எண்ணுகிறான் என்றால் இன்னொருவன் எத்தனை என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டவர் என் ஆயுளில் அவர் ஒருவர்தான்.

அவர் கையை நான் எவ்வளவு நம்பினேன் என்பதற்கு ஒரு நாளைச் சொல்ல வேண்டும். ஒரு விடுமுறையில் இருவரும் சைக்கிளில் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்குப் போனோம். திரும்பும் வழியில் மேகம் மூடிக்கொண்டது. சூரியன் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. நயினாரின் தூக்கில் புளிச்சாதம் இருந்தது. சாலையோரம் சைக்கிளைச் சாய்த்து, கையை நீட்டி மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர் கையை மடக்கிக்கொண்டார். என் கைக்கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் அரை மணி இருக்குது, சாப்பிடு" என்றேன். "இருக்கும். ஆனா எனக்குத் தெரியல. தெரியாததத் தெரியும்னு நான் எப்படி சொல்றது?" என்றார். அந்தப் புளிச்சாதம் முழுவதையும் நான் ஒருவனே தின்றேன். அவர் காலி வயிற்றோடு செஞ்சி வரைக்கும் எதிர்காற்றில் மிதித்தார். அந்தக் கை பொய் சொல்லாது என்று அன்று முடிவு செய்தேன்.

இரண்டாவது வருஷம் பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருக்குச் சங்கடமான விஷயம் பேசுவதென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அன்று ரொம்ப நேரம் துடைத்தார். அடுத்த ஜூனில் ஒரு வகுப்பு குறைகிறது, இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரம் செய்ய முடியும், ஏப்ரலில் தாளாளர் முடிவு செய்வார் என்றார். வெளியே வந்தோம். நயினார் என் தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஏர் பிடித்தால் சால் கோணுகிற கை என் கை. தம்பிதான் நிலத்துக்கு என்றும், பெரியவன் சர்க்கார் சம்பளம் போல மாதச் சம்பளம் வாங்குவான் என்றும் நைனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தற்காலிகம் என்கிற வார்த்தையை அவரிடம் நான் சொல்லவே இல்லை என்பதல்ல, சொன்னேன், அவர் காதில் வாங்கவில்லை. வேலை போனால் திரும்பிப் போக எனக்கு ஒரு இடம் இருந்தது. ஆனால் அங்கே எனக்கென்று ஒரு காரியம் இல்லை.

அது அரிசிக்குப் பஞ்சம் வந்த சமயம். ரேஷனில் கோதுமை போட்டார்கள், சோளம் போட்டார்கள். கடைக்காரனிடம் "அரிசி இருக்குதா?" என்று கேட்டால் அவன் வாயே திறக்க மாட்டான். கட்டைவிரலை நிமிர்த்தி இரண்டு ஆட்டு ஆட்டுவான். ஊரே அந்தக் கட்டைவிரலைக் கற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் தாளாளருக்குச் சொந்தமாக அரிசி மில் இருந்தது. அவர் மூட்டைகளைப் பதுக்கி வைத்திருக்கிறார் என்று பேச்சு. உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. மில் லாரி கடைத்தெருவில் போனால் பின்னாலிருந்து ஜனங்கள் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார்கள். அவர் காரில் போகும்போதும் காட்டினார்கள். மனிதர் கட்டைவிரலைக் கண்டாலே சிவந்துபோகிற நிலைமைக்கு வந்துவிட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை.

மார்ச்சில் பள்ளி ஆண்டு விழா. மைதானத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆசிரியர்களுக்கு முன் வரிசையில் நாற்காலி. தாளாளர் வந்ததும் மடித்துக் கட்டிய வேட்டிகளெல்லாம் ஒரே சமயத்தில் இறங்கின, தோள் துண்டுகள் அக்குளுக்குப் போயின. பதினோரு ஆசிரியர்களில் பத்துத் துண்டுகள். டிரில் மாஸ்டர் துண்டு போடுவதில்லை.

தாளாளர் பேச எழுந்தார். அவருக்கு ஒரு வார்த்தை இல்லாமல் பேச்சு நகராது. ஆகையினாலே. "நாடு கஷ்டத்தில் இருக்கிறது, ஆகையினாலே மாணவர்கள் கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டும். ஆகையினாலே பெற்றோர்களும் ஒத்துழைக்க வேண்டும்." என் கை தொடையின் மேல் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அதுவாகவே எண்ணத் தொடங்கிவிட்டது. முதல் பன்னிரண்டு முடிந்து கட்டைவிரல் ஆடியதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது பன்னிரண்டு போய்க்கொண்டிருந்தது.

"ஆகையினாலே," என்றார் அவர், குரலை உயர்த்தி, "நாம் ஒவ்வொருவரும் ஒருவேளை அரிசிச் சோற்றைத் துறக்க வேண்டும்."

அது இருபத்துநாலாவது. என் கட்டைவிரல் நிமிர்ந்து, அவருக்கு நேராக, இரண்டு தரம் ஆடியது.

எனக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்திருந்த பெரிய வகுப்பு முதலில் சிரித்தது. அப்புறம் அதன் பின்னால் இருந்த பெற்றோர்கள். யாரோ ஒருவர், "மில்லுல கேளு!" என்று கத்தினார். சிரிப்பு பந்தலின் கடைசி வரை போயிற்று. தாளாளர் ஜனங்களைப் பார்த்தார், பிறகு அவர்கள் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். என் தொடையைப் பார்த்தார். நான் குனிந்து என் கையைப் பார்த்தபோது அது இன்னும் நிமிர்ந்தே இருந்தது. தாளாளர் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார்.

விழா கலைந்ததும் டிரில் மாஸ்டர் என்னைப் பந்தல் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னா சார், இத்தினி தைரியம் உனக்கு? நேரா மூஞ்சிக்கே காட்டிட்டியே!"

"நான் காட்டல மாஸ்டர். எண்ணிக்கிட்டிருந்தேன்."

"எத எண்ணுன?"

சொன்னேன். அவர் ஊதல் தொங்கிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத மட்டும் அவுரு கிட்ட சொல்லிடாத. காட்டுனதுக்காவது மன்னிப்பு உண்டு, எண்ணுனதுக்குக் கெடயாது" என்றார்.

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் என்று அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்தேன், எதை என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் சேதி வந்தது. சாயங்காலம் பள்ளி விட்டதும் தாளாளர் விசாரிக்க வருகிறார். நயினார் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறியதைப் பார்த்து எழுந்து வந்து அவரே போட்டுவிட்டார்.

"பயப்படாத வாத்தியாரே. உனக்கு இந்தப் பழக்கம் இருக்குதுன்னு நான் சொல்றேன். வெறும் வாயால சொல்லல, பன்னண்டையும் எண்ணி நானே செஞ்சு காட்டறேன். அப்புறம் இன்னா சொல்வாரு?"

"மறந்துடாத."

"நான் இங்கதான இருக்கேன், எங்க போவப்போறேன்?" என்றார்.

தலைமையாசிரியர் அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. தாளாளர் ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டியதில் வலது கட்டைவிரல் அக்குளுக்கு வெளியே துருத்திக்கொண்டிருப்பதைக் கவனித்து உள்ளே தள்ளினேன்.

"எண்ணுனேன்னு சொல்றியாமே. இன்னாத்த எண்ணுன?" என்றார் தாளாளர்.

டிரில் மாஸ்டர் சொன்னது ஞாபகம் வந்தது. "பந்தல் கீற்றுங்க ஐயா."

"நான் நின்னு பேசறேன். நீ கீத்த எண்ணினு இருந்த."

"பழக்கம் ஐயா. பன்னிரண்டு முடிஞ்சா விரல் தானா ஆடும். எங்க நைனாவுக்கும் உண்டு."

"உங்க நைனாவ நான் பார்த்ததில்லையே. இங்க யாருக்குத் தெரியும்?"

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அறிவியல் சாரும் இவரும் ஒரே அறை ஐயா. அவரைக் கேட்டால் தெரியும்."

நயினார் வந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் முதுகை வளைத்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இவருக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டா சார்?" என்று தலைமையாசிரியர் கேட்டார். "எண்ணும்போது கட்டைவிரலை ஆட்டுவாராமே. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

நயினாரின் வலது கை மெதுவாக மேலே வந்தது. செய்து காட்டப்போகிறார் என்று நினைத்தேன். காலையில் சொன்ன மாதிரியே, பன்னிரண்டு கணுக்களையும் தொட்டு எண்ணிக் காட்டப்போகிறார். என் உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, உண்மையாகவே தோள் தாழ்ந்தது. அவர் கை மார்புக்கு வந்தது, அங்கே நிற்கவில்லை. ஜன்னலை நோக்கி நேராக நீண்டது. விரல்கள் சேர்ந்து படுத்தன. தாளாளரின் தலைக்கு மேலே, ராஜகிரியின் விளிம்பில் சுண்டுவிரல் பொருந்தியது.

"ஐயா மன்னிக்கணும்," என்றார் நயினார். "பொழுது சாயுது. நான் போயி சாப்பிடணும்."

தாளாளர் உடனே நாற்காலியில் நிமிர்ந்தார். குரலே மாறிவிட்டது. "அடடா, போங்க போங்க. நியமம் முக்கியம். உங்கள நிறுத்தி வெக்கக் கூடாது."

நயினார் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்ட கேள்வி அந்த அறையிலேயே நின்றது. உண்டு என்றும் அவர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

என்னால் நம்ப முடியவில்லை. ஒருவேளை உண்மையாகவே பொழுது அவ்வளவு தூரம் போய்விட்டதோ, நான்தான் கவனிக்கவில்லையோ என்று அந்த நிலைமையிலும் அவருக்காகவே யோசித்தேன். அதனால் நானும் பார்த்தேன். கட்டிய கையை அவிழ்த்து, ஜன்னல் பக்கம் நீட்டி, விரல்களைச் சேர்த்து, சுண்டுவிரலை மலையில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு விரல் முழுதாக இருந்தது. நாலாவது விரலுக்கு மேலேதான் சூரியன் உட்கார்ந்திருந்தது. கத்திரிக்காய் வெந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, இன்னொரு தரம் கத்திரிக்காய் வேக வைக்கலாம்.

"கையக் கீழ போடுங்க சார்!" என்று தலைமையாசிரியர் கத்தினார்.

தாளாளர் எழுந்து நின்றிருந்தார். என் நீட்டிய கை அவர் முகத்துக்கு முன்னால் இருந்தது.

"பார்த்தியாய்யா? நேத்து வெரலு, இன்னிக்கு முழுக் கை. அறையறதுக்கே வரான்!"

"இல்லை ஐயா, பொழுதைப் பார்த்தேன்."

"உனக்கு இன்னாடா பொழுது? நீ எப்ப வேணாலும் துன்றவன்தான?"

அதே கை, அதே ஜன்னல், அதே மலை. நயினார் நீட்டினால் நியமம். நான் நீட்டினால் திமிர். அதற்கு மேல் நான் சொன்ன எதையும் அவர்கள் கேட்கவில்லை. கேட்கும்படியாக நானும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

அறைக்குப் போனபோது சூரியன் மலையைத் தொட ஒரு விரல்தான் இருந்தது. நயினார் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்பு பற்றவைக்கப்படவே இல்லை. தட்டு சுவரில் சாய்ந்திருந்தது. பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாலு விரல் இருந்திச்சு நயினாரே," என்றேன். "நானும் பார்த்தேன்."

அவர் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"செஞ்சு காட்டறேன்னு காலையில நீதான சொன்ன? நான் கேட்டனா? நீயா வந்து பொத்தான் போட்டு உட்டு சொன்ன."

"ஒரு எடம்தான் இருக்குது," என்றார். "எனக்கு மூணு அண்ணனுங்க. ஊர்ல கடையில நாலாவது ஆளுக்கு நிக்கவே எடமில்ல. உங்களுக்கு நெலமாவது இருக்குது."

உங்களுக்கு என்றார். அந்த அறைக்குள் அதுவரை அந்த வார்த்தை வந்ததே இல்லை.

"இல்லேன்னாவது சொல்லியிருக்கலாமே. இந்தாளுக்கு அப்படி ஒரு பழக்கமே கெடயாதுன்னு சொல்லியிருக்கலாம். அது ஏன் பொழுத இழுத்த?"

நயினார் இரண்டு கைகளையும் என் பக்கமாக விரித்துக் காட்டினார். அவ்வளவுதான் அவர் பதில். விரித்த கைகளை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடைக்காரன் விரிப்பான், டாக்டர் விரிப்பார். நயினாரின் கை அப்படி விரிந்து அன்றுதான் பார்த்தேன். உள்ளங்கையில் அடுப்புக் கரி இருந்தது. பற்றவைக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டார் போல. சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. அவர் பட்டினியாகவே படுத்துக்கொண்டார். எனக்காகப் பட்டினி கிடக்கிறார் என்று நினைக்க நான் தயாராக இல்லை.

இத்தனை வருஷத்தில் இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலும் எனக்குக் குத்துகிற இடம் ஒன்றுதான். வாயால் பொய் சொல்லியிருந்தால் அது எல்லோரும் சொல்கிற பொய். வேலைக்காக மனிதர்கள் சொல்வார்கள், நான் ஒரு வருஷம் திட்டிவிட்டு மறந்திருப்பேன். மேகம் மூடிய நாளில் அரை மணி நேரச் சந்தேகத்துக்காகச் சோற்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு சைக்கிள் மிதித்த கை அது. எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேறு ஏதாவது ஒரு கையைத் தேடிப் பிடித்திருக்கக் கூடாதா?

ஏப்ரலில் நயினார் நிரந்தரம் ஆனார். நான் என் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நைனா நடவு வயலில் இருந்தார். வரப்பில் நின்று நாற்று முடிகளை எண்ணிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பன்னிரண்டு முடிவதற்கு முன்பே கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எண்ணுவதைத் தம்பிக்கு விட்டுவிட்டார். இதையும் நயினார் கணக்கில்தான் நான் சேர்த்திருக்கிறேன்.

பிறகு வல்லத்தில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. செஞ்சிக்குப் போகிற காரியம் இருந்தால் வேறு யாரையாவது அனுப்பிவிடுவேன். ஆனாலும் வேலை போய்ப் பத்து வருஷம் ஆவதற்குள் ஒரு நாள் போக வேண்டி வந்தது. திரும்புவதற்கு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். பஸ் புறப்படவில்லை. இருபத்தேழு பேர் ஏறியிருந்தார்கள்.

கீழே மணிலாக்கொட்டை மூட்டைகள் ஏற்றிய ஒரு லாரியின் மறைவில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் தூக்கு. பக்கத்தில் ஒருவர் லாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை நீட்டி மேற்கே பார்க்க முயன்றுகொண்டிருந்தார். மூட்டைகள் மலையை மறைத்தன. அவர் கையைப் பாதி நீட்டியபோதே எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள்.

"அண்ணா, அங்கேர்ந்து மலை தெரியுதா? பொழுது இருக்குதா?"

நயினார் திரும்பினார். என்னைப் பார்த்தார். அவர் கை அப்படியே நின்றது.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து மலை நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டினேன். அவர் சொல்லிக்கொடுத்தபடியே விரல்களைச் சேர்த்து, சுண்டுவிரலை விளிம்பில் வைத்து, அவசரப்படாமல் பார்த்தேன்.

"ரெண்டு விரல் நல்லாவே இருக்குதும்மா. சாப்பிடலாம்."

அவள் முகம் மலர்ந்தது. குழந்தையை இறக்கிவிட்டுத் தூக்கின் மூடியைத் திறக்கப் போனாள். நயினார் அவள் கைமேல் தன் கையை வைத்தார்.

"வேணாம்."

"அண்ணன் பார்த்துட்டுதான சொல்றாரு? ரெண்டு விரல் இருக்குதாம்."

"வேணாம்னா உடு."

"காலையிலேர்ந்து நீங்களும் ஒண்ணும் சாப்பிடல. இன்னா இது?"

 மூடியை அழுத்தி மூடினார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. சந்தேகம் இருந்தது. நான் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைத்தார். பொழுது போன பிறகு அவரைச் சாப்பிட வைத்து, அவர் நியமத்தைக் கெடுத்துப் பழி தீர்த்துக்கொள்வேன் என்று நினைத்தார். என் கட்டைவிரலுக்கு எத்தனையோ பேர் எத்தனையோ அர்த்தம் வைத்தார்கள். அதற்கெல்லாம் மேலாக, என் கை பொய் சொல்லும் என்று முடிவு செய்தவர் அவர் ஒருவர்தான். பஸ் நகர்ந்தது.

நான் கையை இறக்கவில்லை. பஸ் திரும்பி மலை ஜன்னலை விட்டு மறைகிறவரைக்கும் நீட்டியே வைத்திருந்தேன். இரண்டு விரல் அப்படியே இருந்தது. சோற்றைப் பிசைந்து, குழந்தைக்கு ஊட்டி, இருவரும் வயிறாரச் சாப்பிட்டு முடிக்கிற பொழுது.

கண்டக்டர் இரண்டு வரிசை தள்ளி நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இன்னா சார், கையக் காட்டினே வர்றீங்க. எறங்கணுமா?"

"இல்ல, ஒண்ணுமில்ல," என்று சொல்லிக் கையை மடக்கித் துண்டுக்குள் வைத்துக்கொண்டேன்.